ஒயரைப் பிடுங்கிச் செய்த சோதனை

ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருப்பூரில் பனியன் கம்பெனி, ஓசூரில் கேபிளுக்குப் பள்ளம் தோண்டுவது, மங்களூரில் கேமரா மாட்டுவது என்று எந்த ஊரிலும் நான் ஒரு வருஷம் தாண்டியதில்லை. ரவுட்டர் வேலையைப் பள்ளம் தோண்டிய இடத்தில் அடுத்தவர் செய்வதைப் பார்த்தே கற்றேன். கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்தபோது அதுதான் சோறு போட்டது.

கொச்சங்காடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் கூப்பிட்டார்கள். ஸ்கேன் எடுக்க அங்கே ஆள் உண்டு; படத்தைப் பார்த்துச் சொல்லும் டாக்டர் ஆலுவாவில் இருந்தார். படம் நெட் வழியாக அவருக்குப் போகும், அவர் போனில் முடிவு சொல்வார். ஒரே ஒரு ஃபைபர் லைன். அது மாதத்துக்கு இரண்டு தடவையாவது அறுந்துவிடும். கிடங்குகளுக்கு வரும் லாரிகளின் மூட்டையில் சந்தின் கேபிளெல்லாம் மாட்டும். அதற்காகவே மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளி ஒருவர் மூட்டைமேல் நின்று, நீளக் கம்பால் கேபிளைத் தூக்கிப் பிடித்தபடி வருவார். எல்லா நாளும் கம்பு எட்டாது. ஆகவே முதலாளிக்கு இரண்டாவதாக ஒரு வழி வேண்டியிருந்தது. சிம் போட்ட பெட்டி ஒன்றை வாங்கி வைத்தேன். ஃபைபர் போனால் ரவுட்டர் தானாகச் சிம்முக்கு மாற வேண்டும்.

ஃபைபர் போனது ரவுட்டருக்கு எப்படித் தெரியும்? சில நொடிக்கு ஒருமுறை அது ஏதாவது ஒரு பெட்டியை 'இருக்கிறாயா' என்று கேட்டுக்கொண்டிருக்கும். பதில் வராவிட்டால் லைன் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளும். எந்தப் பெட்டியைக் கேட்பது என்று நாம்தான் எழுதித் தர வேண்டும். சந்து முனைக் கம்பத்தில் இருந்த கேபிள்காரரின் பெட்டியை எழுதினேன். பக்கத்தில் இருப்பதால் உடனே பதில் சொல்லும் என்பது என் கணக்கு.

முதலாளி முன்னால் சோதித்துக் காட்டினேன். ரவுட்டரிலிருந்து மஞ்சள் ஒயரைப் பிடுங்கினேன். ஐந்து எண்ணுவதற்குள் சிம் எடுத்துக்கொண்டது. திரும்பச் செருகினேன், ஃபைபர் வந்தது. மூன்று தடவை செய்தேன். அவர் சாயாவும் பருப்புவடையும் வரவழைத்தார். செல்போன் சார்ஜ் போட யாரும் பிளக்கைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இந்தப் பெட்டிகள் இருந்த அலமாரியைப் பூட்டிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு முற்பகலில், கும்பளங்கியில் ஏணிமேல் நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்தேன். சென்டரின் வரவேற்பில் உட்காரும் அக்கா போன் செய்தார். மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்தவர்.

"தம்பி, படம் போகல்ல. தலை ஸ்கேன். ஆளு அரை மயக்கத்துல கிடக்கு."

"சிம்முக்கு மாறியிருக்குமேக்கா."

"மாறினா நான் எதுக்கு உன்னை விளிக்கிறேன்? மொபைல்ல போட்டோ எடுத்து அனுப்பியாச்சு. அதுல ஒண்ணும் தெளியலை, முழுப் படம் வேணும்னு ஆலுவா டாக்டர் சொல்லிட்டாரு. இங்க பக்கத்து ஆஸ்பத்திரி கேஷுவால்டியில, ரிப்போர்ட் வந்தாத்தான் எர்ணாகுளம் பெரிய ஆஸ்பத்திரிக்கு விடுறதா வேண்டாமான்னு சொல்லுவாங்களாம்."

"ஃபைபர் பெட்டியில என்ன லைட் எரியுது?"

"பச்சை. நல்லாத்தான் எரியுது."

"அப்போ லைன் இருக்குக்கா."

"என்ன இருக்கு? லைனை அறுத்ததே இந்த ஆளுதான். லாரி மேல நின்னு கம்பால தூக்கியிருக்காரு, கேபிள் கழுத்துல மாட்டி இழுத்துட்டுது. அடுத்த சந்துல. ஆளும் கீழே, கேபிளும் கீழே."

அடுத்த சந்து என்றதும் புரிந்துவிட்டது. லைன் அறுந்தது கம்பத்துப் பெட்டிக்கு அப்பால். பெட்டிக்குப் பேட்டரி உண்டு, அது உயிரோடுதான் இருந்தது. என் ரவுட்டர் கேட்கக் கேட்க 'இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அதற்குமேல் வழியே இல்லை என்பதை யாரும் ரவுட்டருக்குச் சொல்லவில்லை. நான் சோதித்ததெல்லாம் என் கையில் இருந்த ஒயர் அறுந்தால் என்ன ஆகும் என்பதைத்தான். தெருவில் ஒயர் அப்படி அறுவதில்லை.

"அக்கா, அந்த மஞ்சள் ஒயரைப் பிடுங்குங்க."

"பூட்டி வெச்சிருக்கியே."

"உடைங்க."

"எதால?"

"என்னமும் எடுத்து உடைங்கக்கா."

ஆக்சிஜன் சிலிண்டர் திருகும் ஸ்பானரால் உடைத்தார். நாலைந்து அடி எனக்குப் போனில் கேட்டது. பிறகு, "பிடுங்கியாச்சு," என்றார். படத்தை மறுபடி அனுப்பச் சொல்வது கேட்டது. "போகுது. மெல்லப் போகுது."

தலைக்குள் இரத்தக்கசிவு, உடனே எர்ணாகுளத்துக்குக் கொண்டுபோங்கள் என்று ஆலுவாவிலிருந்து சொன்னார்கள். முதல் தடவை படம் அனுப்பப் பார்த்ததற்கும் உண்மையில் போனதற்கும் இடையே நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

அன்று மத்தியானமே போய் மாற்றி எழுதினேன். இனி ரவுட்டர் ஊருக்கு வெளியே தூரத்தில் உள்ள இரண்டு இடங்களைக் கேட்கும். இரண்டும் பேசாவிட்டால் சிம்முக்குப் போகும். அறுந்த லைனை ஒட்டி முடித்திருந்த கேபிள்காரரை அடுத்த சந்துக் கம்பத்தில் ஏறச் சொல்லி, அங்கே இணைப்பைக் கழற்றச் சொன்னேன். ரவுட்டர் மாறியது. இதை முதல் நாளே செய்திருக்கலாம். சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

அந்தத் தொழிலாளி பிழைத்தார். நாலு மாதம் கழித்து மறு ஸ்கேனுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். இடது கையைத் தூக்க அவருக்கு நேரமெடுத்தது. அந்த நாற்பது நிமிஷம்தான் காரணமா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

பெஞ்சில் உட்கார்ந்து அக்காவிடம் சிரித்தபடி சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் அறுத்த கேபிள் எனக்கே பணி தந்து மாட்டிவிட்டுட்டுதுல்ல. கேபிள் சேட்டன்கிட்ட மாப்பு சொல்லிட்டேன்."

அக்கா என்னைப் பார்த்தார். நான் போய் அந்தத் தொழிலாளியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். கேபிள் அறுந்தாலும் படம் போயிருக்க வேண்டும், அதற்கான ஏற்பாட்டை நான்தான் தப்பாகச் செய்திருந்தேன் என்று சொன்னேன். எப்படித் தப்பு என்றும் விளக்கினேன். முழுக்கக் கேட்டார்.

"எத்ர நேரம்?"

"நாற்பது நிமிஷம்."

தன் இடது கையைப் பார்த்தார். "இப்ப சரியாக்கிட்டியா?"

"சரியாக்கிட்டேன்."

"அப்போ கேபிள் சேட்டன்கிட்ட நான் சொன்ன மாப்பை நீ போய் திருப்பி வாங்கிட்டு வா," என்றார். சிரிக்கவில்லை. உள்ளே அவருடைய டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார்.