ஒரு டி-ஷர்ட்டில் இரண்டு ஜெர்மனி

1. திங்கட்கிழமை மெயில்

"இந்த டி-ஷர்ட்டை மங்கோலியாவில் ஒருவரும் போட மாட்டோம். தயவுசெய்து அனுப்ப வேண்டாம்."

திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்குக் கம்ப்யூட்டரைத் திறந்ததும் கண்ணில் பட்ட மெயில் இது. அதற்குள் ஆயிரத்து நூறு முன்பக்கத் துணிகளுக்குப் பிரிண்ட் அடித்தாகிவிட்டது. ஏற்றுமதிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. விழா தேதி நமக்காகத் தள்ளிப் போகாது. தேதி தாண்டிப் போய்ச் சேர்ந்தால் அந்த டி-ஷர்ட் தரை துடைக்கத்தான் ஆகும்.

நான் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபத்தாறு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்துவிட்டுப் போன வருடம் வேலையை விட்டேன். வெளிநாட்டு பையர் கேட்பதை இங்கே உள்ளவர்களுக்கும், இங்கே நடப்பதை பையருக்கும் எடுத்துச் சொல்லி, சரக்கைத் தேதிக்குள் கப்பலேற்றுகிற வேலை. தினமும் கோயமுத்தூரிலிருந்து ரயிலில் போய்வருவேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த தப்பும் இதில் இருக்கிறது.

ஆர்டர் கொடுத்தது பெர்லினில் உள்ள ஒரு விழா ஏற்பாட்டு நிறுவனம். அங்கே என்னோடு பேசுகிறவர் மார்க்குஸ். ஜெர்மனிக்கும் மங்கோலியாவுக்கும் தூதரக உறவு ஏற்பட்டு ஐம்பது வருடம் ஆவதைக் கொண்டாடுகிறார்கள். நாலாயிரம் டி-ஷர்ட். பாதி பெர்லினுக்கு, பாதி மங்கோலியத் தலைநகரான உலான்பாத்தருக்கு. நெஞ்சில் இரண்டு கொடி, கீழே ஜெர்மனிலும் மங்கோலியத்திலும் 'ஐம்பது ஆண்டு நட்பு'.

மங்கோலியாவில் சரக்கை வாங்கிக்கொள்ள வேண்டியவர் ஓயுன் அம்மா. ஜெர்மனியில் படித்துத் திரும்பிய மங்கோலியர்களின் சங்கத் தலைவி. வயது அறுபத்தெட்டு. சுரங்க இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர். அந்த மெயில் அவருடையதுதான்.

2. துடைத்த கோடு

அந்த அம்மாவோடு எனக்கு அதற்கு முன்பே ஒரு சுற்று முடிந்திருந்தது. மங்கோலிய எழுத்தில் நம் 'ஓ' ஒலிக்கு வட்டம் போட்டு ஓர் எழுத்து உண்டு. அதே வட்டத்தின் நடுவில் கோடு போட்டால் அது வேறு எழுத்து. 'நட்பு' என்ற சொல்லில் அந்தக் கோடு போட்ட வட்டம் மூன்று இடத்தில் வருகிறது. பல்லடம் ரோட்டில் எங்களுக்குப் பிரிண்டிங் செய்யும் சின்னராசு, பிரிண்டுக்கான அச்சு ஸ்கிரீனை எடுக்கும்போது மூன்று கோட்டையும் சுத்தமாகத் துடைத்துவிட்டார்.

"தூசின்னு நெனச்சுப்போட்டேனுங்க மேடம். நல்லாத்தானுங்களே இருக்குது?" என்றார்.

"மூணு வட்டத்துலயும் ஒரே மாதிரி நட்ட நடுவுல தூசி விழுமாங்க?"

"அதுவும் நாயமுங்க" என்றார், ரொம்ப நிதானமாக.

மாதிரிப் படத்தைப் பார்த்த ஓயுன் அம்மா, அந்தச் சொல் இப்போது நாயை நினைவுபடுத்துகிறது என்று எழுதியிருந்தார். புது ஸ்கிரீன் எடுத்தோம். அடுத்து, உலான்பாத்தருக்குப் போகிற இரண்டாயிரமும் டபுள் எக்ஸெல் சைஸில்தான் வேண்டும் என்றார். எங்கள் முதலாளிக்கு ஒரே சந்தேகம். "ஏனுங்க அம்மணி, அந்த ஊர்ல ஒல்லியா ஒருத்தருமே இல்லீங்களா?" என்று கேட்டார். விசாரித்தேன். ஜனவரி கடைசியில் அங்கே குளிர் மைனஸ் முப்பது வரை போகுமாம். கோட்டுக்கு மேலே மாட்டிக்கொள்ளத்தான் அந்த சைஸ். அந்தக் குளிரில் அரைக்கை டி-ஷர்ட் எதற்கு என்று பெர்லினில் யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கச் சொல்வது என் வேலையும் இல்லை.

என் தப்பு இதற்குப் பிறகுதான். சரிபார்க்கச் சொல்லி நான் அவருக்கு அனுப்பியதெல்லாம் 'நட்பு' என்ற அந்த ஒரு சொல் மட்டுமே. முழு டிசைனையும் அனுப்பவில்லை. காட்டினால் வேறு ஏதாவது திருத்தம் சொல்வாரோ என்று பயம். பிரிண்ட் ஓட ஆரம்பித்த பிறகு, சனிக்கிழமை சாயங்காலம், மரியாதைக்காக ஒரு முழுப் போட்டோ அனுப்பினேன். திங்கட்கிழமை அந்த மெயில் வந்துவிட்டது.

3. பதினேழு மெயில்

ஓயுன் அம்மா சொன்னது இதுதான். ஜெர்மனிக்கும் மங்கோலியாவுக்கும் உறவு ஏற்பட்டது 1950இல். ஐம்பது வருடம் என்று போடுவது பொய்.

மார்க்குஸிடம் கேட்டேன். "1974 ஜனவரி. எங்கள் அரசாங்கமே அப்படித்தான் சொல்கிறது. லோகோ அப்ரூவ் ஆகிவிட்டது. மாற்ற முடியாது."

முதலாளி வேறு என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். "ஒரு நாட்டுக்கு எப்படீங்க ரெண்டு வருசம் வரும்? அவங்க ஊட்டுப் பஞ்சாயத்த நம்ம பிரிண்டிங் டேபிள்ல வெச்சுப் பேசுறாங்களா? கேட்டுச் சொல்லுங்க அம்மணி."

கேட்டதிலும் தேடிப் படித்ததிலும் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனி இரண்டு நாடாகப் பிரிந்தது. கிழக்கு ஜெர்மனி சோவியத் பக்கம். மங்கோலியாவும் அதே பக்கம். அந்த இரண்டும் 1950இலேயே தூதர் வைத்துக்கொண்டன. ஆயிரக்கணக்கான மங்கோலியப் பிள்ளைகள் கிழக்கு ஜெர்மனிக்குப் போய்ப் படித்தார்கள், தொழில் கற்றார்கள். மேற்கு ஜெர்மனி 1974இல்தான் வந்து சேர்ந்தது. 1990இல் இரண்டும் ஒன்றானபோது கிழக்கு என்ற நாடே இல்லாமல் போயிற்று. இன்றைய ஜெர்மனி மேற்கின் தொடர்ச்சி என்பதால் வருடத்தை அந்தப் பக்கத்திலிருந்தே எண்ணுகிறார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? பிரிண்ட் நின்று, துணி டேபிளில் கிடந்தது.

நாலு நாளில் பதினேழு மெயில். "அது இப்போது இல்லாத நாடு" என்று மார்க்குஸ் எழுதுவார். நான் அதை, "உங்கள் உணர்வை மதிக்கிறோம், சில அலுவலகச் சிரமங்கள்" என்று மாற்றி ஓயுன் அம்மாவுக்கு அனுப்புவேன். அவர் எழுதுவார்: "நான் 1973இல் பதினெட்டு வயதில் அங்கே போய் இறங்கினேன். உங்கள் கணக்குப்படி அப்போது உறவே கிடையாது. அப்படியானால் ரயில் நிலையத்துக்கு வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனது யார்?" அதை நான், "சிறு திருத்தம் முடியுமா என்று அன்போடு கேட்கிறார்" என்று மார்க்குஸுக்கு எழுதுவேன்.

எங்கள் ஊர் நாக்கு அப்படி. வைவதாக இருந்தாலும் கடைசியில் ஒரு 'ங்க' போட்டுத்தான் வைவோம். கோபத்தை அப்படியே இன்னொருவர் கையில் கொடுக்க எனக்கு வராது. அதனால் என்ன ஆயிற்று என்றால், அந்தம்மா இறங்கி வருகிறார் என்று மார்க்குஸ் நினைத்தார். மார்க்குஸ் மனசு மாறுகிறார் என்று அந்தம்மா நினைத்தார். இரண்டு பேரும் ஒரு அடி நகரவில்லை. பிரிண்டிங் டேபிளும் நகரவில்லை. சின்னராசு காலையில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை போன் செய்து, "மேடம், ஓட்டலாமுங்களா?" என்று கேட்பார். நான் அவரிடம் எரிந்து விழுவேன். பாவம், அவர் துடைத்தது மூன்று கோடுதான்.

4. இருபத்தைந்து நிமிடம்

வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. பையரையும் சரக்கு வாங்குகிறவரையும் நேராகச் சேர்த்துவிடக் கூடாது, சேர்த்தால் இரண்டு பேரும் சேர்ந்து புதுசு புதுசாகக் கேட்பார்கள் என்பது எங்கள் தொழிலில் எழுதாத சட்டம். அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு பேரையும் ஒரே வீடியோ காலில் உட்காரவைத்தேன். முதலாளி, சின்னராசு, நான் மூவரும் இந்தப் பக்கம்.

நான் ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லி முன்னுரை ஆரம்பித்தேன். மார்க்குஸ் பக்கத்தில் இருந்த யாரிடமோ ஜெர்மனில் என்னவோ முணுமுணுத்தார். அவ்வளவுதான். ஓயுன் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, படபடவென்று ஜெர்மனில் பதில் சொன்னார்.

மார்க்குஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு இருபத்தைந்து நிமிடம் எங்களுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அந்தம்மா குரலை உயர்த்தினார். எழுந்து போய் ஒரு சர்டிபிகேட்டை எடுத்துவந்து கேமராவுக்கு நேராகப் பிடித்தார். அதில் இருந்த முத்திரையை விரலால் தட்டித் தட்டிக் காட்டினார். மார்க்குஸ் இரண்டு தடவை குறுக்கே பேசப் பார்த்து, அப்புறம் பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். கடைசியில் அவர் என்னவோ கேட்க, அந்தம்மா முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஏனுங்க மேடம்," சின்னராசு மெதுவாகக் கேட்டார், "ரெண்டு பேருக்கும் ஒரே பாசை வருமுன்னா நாம எதுக்குங்க நடுவுல?"

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஜெர்மனியில் படித்தவர்களின் சங்கத் தலைவிக்கு ஜெர்மன் தெரியுமா என்று நான் ஒரு நாளும் யோசிக்கவே இல்லை. நாலு நாளாக அவருடைய உடைந்த ஆங்கிலத்துக்கும் மார்க்குஸின் விறைப்பான ஆங்கிலத்துக்கும் நடுவில் வெல்லம் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஸ்டெல்லா, முடிந்தது" என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார் மார்க்குஸ். பெர்லின் சரக்கில் ஐம்பது அப்படியே இருக்கும். உலான்பாத்தர் சரக்கில் ஐம்பது என்ற எண்ணே வராது. நட்பு என்ற சொல்லின் கீழே 1950, 1974 இரண்டும் ஒரே அளவில் வரும்.

அடித்து முடித்த ஆயிரத்து நூறும் உலான்பாத்தருக்கான டபுள் எக்ஸெல். அதைத் திரும்ப வெட்டி பெர்லினுக்கான சைஸாக்க முடியும் என்று கட்டிங் மாஸ்டர் சொன்னார். பெர்லினுக்கு வைத்திருந்த வெட்டாத துணியில் புதிதாக டபுள் எக்ஸெல் வெட்டினோம். ஒன்பது நாள் யாரும் நேரத்துக்குச் சாப்பிடவில்லை. விழாவுக்கு நாலு நாள் முன்னால் சரக்கு இரண்டு ஊருக்கும் போய்ச் சேர்ந்தது.

இளம் மெர்ச்சண்டைசர்களுக்கு நான் சொல்ல வருவது இவ்வளவுதான். டி-ஷர்ட்டைப் போடப்போகிறவருக்கு முழு டிசைனையும் முதல் நாளே காட்டிவிடுங்கள். ஒருவர் கோபத்தை இன்னொருவருக்குச் சொல்லும்போது இனிப்புச் சேர்க்காதீர்கள். அவர்கள் கோபம் அவர்களுக்குத் தேவைப்படுகிறது. நேரில் பேசக்கூடியவர்களைப் பேசவிட்டு எழுந்துகொள்ளுங்கள்.

கன்டெய்னர் கிளம்பிய அன்று முதலாளி எல்லோர் முன்னாலும், "ரெண்டு நாட்டுக்காரங்களையும் நம்ம அம்மணி பேசியே சமாதானம் பண்ணிப்போட்டாங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வீடியோ காலில் வணக்கத்துக்கு மேலே நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நன்றிங்க என்று மட்டும் சொன்னேன்.