எல்லாவற்றுக்கும் இல்லை என்றவன்

வேல்விழி ஒரகடத்தில் ஒரு கம்பெனி லைனில் வருஷக்கணக்காக நின்று வேலை பார்த்தவள். முதுகு போன பிறகு தபாலில் சமூகப்பணி படித்து, ஒரு கல்லூரி ஆய்வில் சேர்ந்தாள். கேள்வி கேட்கும் வேலை. போலீஸ் வழக்கில் சிக்கி அரசு இல்லத்தில் இருக்கும் பையன்களிடமும், பள்ளிக்கூடம் போகிற பையன்களிடமும் ஒரே கேள்விகள். வேண்டுமென்றே உன்னைக் காயப்படுத்திக்கொண்டது உண்டா? செத்தாலும் பரவாயில்லை என்று வண்டி ஓட்டியது உண்டா? பதிலுக்குத் தக்க மதிப்பெண். கேட்டதை வெளியில் சொல்லக் கூடாது.

இல்லத்துப் பையன்கள் மறைக்கவில்லை. பைக் திருடி மாட்டிய மாரிராஜ் எல்லாவற்றுக்கும் சலிப்போடு ஆமாம் என்றான். பள்ளியில் பத்தாம் வகுப்பு இசக்கிதுரையோ கேள்வி முடியும் முன்பே இல்லை என்றான். இரண்டு விதப் பதில்களும் அவளுக்கு ஒரே அலுப்பைத்தான் தந்தன. குன்றத்தூர் வீட்டுக்கு வந்தால் உலை வைக்கத் தெம்பிருக்காது. பன்னைத் தின்றுவிட்டுப் படுப்பாள்.

ஒரு சாயங்காலம் வல்லம் வடகாலில் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். கன்டெய்னர் லாரிகள் வரும் சாலையை இசக்கிதுரை கண்ணை மூடிக்கொண்டு கடந்துகொண்டிருந்தான். ஓடிப்போய் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

டீ வாங்கிக் கொடுத்ததும், அடிக்கடி இப்படிக் கண்ணை மூடி நடப்பதாக ஒப்புக்கொண்டான். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள்.

“ஆமான்னா எங்கம்மய வரச் சொல்லுவிய. லீவு போட்டா அவள வேலய விட்டு நிறுத்திருவாவ.”

அவன் அம்மா முப்பிடாதி தெற்கேயிருந்து பிழைக்க வந்து, ஒரு கம்பெனி கேன்டீனில் கான்ட்ராக்டில் இருந்தாள். ஷிப்ட் விடும்வரை வேல்விழி அவனோடு கம்பெனி கேட்டில் காத்திருந்தாள்.

“அக்கா, உங்க புள்ள லாரி வர்ற ரோட்ல கண்ண மூடிக்கினு நடக்கிறான். தனியா வுடாதீங்க.”

நன்றாகத்தானே படிக்கிறான் என்றாள் முப்பிடாதி. பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் லீவு போட்டு அவனை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அவன் பயந்தபடியே வேலை போயிற்று.

நடந்ததை வேல்விழியே ஆய்வை நடத்தும் பேராசிரியர் ஸ்ரீதரிடம் சொன்னாள். செய்தது சரிதான் என்றார். ஆனால் விதி விதிதான் என்று அவன் பதில்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். பள்ளிகளுக்கு வேறு ஆளைப் போட்டு, அவளுக்கு இல்லத்தை மட்டும் விட்டார். இல்லை என்ற மற்றப் பையன்களை என்ன செய்வது என்று கேட்டாள். அவர்கள் சொல்வதைத்தானே எழுத முடியும் என்றார். அவருக்கும் களைப்பாகத்தான் இருந்தது.

முப்பிடாதி இப்போது சுங்குவார்சத்திரத்தில் ஒரு ஹாஸ்டலில் சமைக்கிறாள். போன வாரம் போனில், மாத்திரையால் அவன் தூங்கித் தூங்கி விழுகிறான், மார்க் குறைந்துவிட்டது என்றாள். குரலில் கோபமில்லை. பள்ளிக்கு அவளே கொண்டுபோய் விடுகிறாளாம்.

சரிக்கா என்று வேல்விழி போனை வைத்தாள். இல்லத்து வார்டன் அடுத்த பையனை உள்ளே அனுப்பினார்.