கைநாட்டு இல்லாத பள்ளிக்கூடம்

ஜூன் மாதம், வெள்ளிக்கிழமை. விடியற்காலை சென்னை சென்ட்ரலில் சூளூர்பேட்டை லோக்கலைப் பிடித்தேன். டிக்கெட் இருபது ரூபாய். மறுநாள் திருப்பதியில் ஒரு கல்யாணம். நேராகவே போயிருக்கலாம். ஆனால் ஆந்திர எல்லைக்குள் வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் ஊர்க்காரர்களே கட்டி வளர்த்த தமிழ்த் தொடக்கப் பள்ளி ஒன்று இருப்பதாக நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். கல்யாணச் சாப்பாட்டை விட்டாலும் விடுவேன், பழைய பள்ளிக்கூடத்தை விடமாட்டேன்.

காலை 7.45. தடாவில் இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோ. ஆளுக்கு நாற்பது ரூபாய். என் இஸ்திரி போட்ட சட்டையைப் பார்த்ததும் டிரைவர் முனிரத்தினம், "கூர்ச்சோண்டி சார்" என்று தெலுங்கில் உட்காரச் சொன்னார். பள்ளியின் பெயரைச் சொல்லி, நான் சென்னைக்காரன் என்றதும் பேச்சு தமிழுக்கு மாறியது.

"அந்த ஸ்கூலா சார்? நானும் அங்க தான் படிச்சேன். இன்னிக்கி மண்டல கல்வி ஆபீசர் வராரு. நீங்க தான் அவரோன்னு பயந்துட்டேன்."

"அதற்கு எதற்குத் தெலுங்கு?"

"ஆபீசருங்களாண்ட தெலுங்குல பேசறது தான் சார் மரியாத. எங்க நைனா காலத்துலருந்து அப்படியே வந்துக்கினு இருக்குது."

இந்த மரியாதைதான் அந்த ஊரைச் சங்கடத்தில் மாட்டிவிட்டிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

காலை 8.40. மாமரங்களுக்கு நடுவே நான்கு அறைகளும் ஒரு தாழ்வாரமும். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று எஸ்தர் டீச்சர் முதலிலேயே கேட்டுக்கொண்டார். தமிழ்ப் பிரிவுக்கு அவர் ஒருவர்தான். அவரும் இதே பள்ளியில் படித்தவர். வந்தவர்கள் எழுதும் நோட்டை என் முன்னால் வைத்தார். வழக்கம்போல ஒரு கிறுக்குக் கிறுக்கிக் கொடுத்தேன். அதை ஒரு கணம் பார்த்துவிட்டு மூடிவைத்தார்.

அலமாரியிலிருந்து வேறு சில நோட்டுகளை எடுத்துக் காட்டினார். பள்ளியின் முழுக் கதையும் அவற்றில்தான் இருக்கிறது. தொடக்கத்தில் இது சர்ச் வராந்தாவில் நடந்த பள்ளிக்கூடம். சபையைச் சேர்ந்த வாத்தியார் ஒருவர் சபைப் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக்கொடுத்தார். அக்கம்பக்கத்து விவசாயக் குடும்பத்தார் எங்கள் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று சண்டைக்கே வந்துவிட்டார்களாம். வராந்தா போதவில்லை. ஒரு குடும்பம் மாந்தோப்பின் ஓரத்தை எழுதிக்கொடுத்தது. வீட்டுக்கு ஒரு வண்டிக் கல் வந்து இறங்க, முதல் அறை எழுந்தது. பிறகு அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. தெலுங்குப் பிரிவு சேர்ந்தது, அறைகள் நான்காயின.

அந்த முதல் வாத்தியார் ஒரு சட்டம் போட்டிருந்தார். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் ரேகை வைக்கக் கூடாது, கையெழுத்துத்தான் போட வேண்டும். எழுதத் தெரியாதவர்களைத் தாழ்வாரத்து மணலில் உட்காரவைத்து, பெயரை எழுதிப் பழக்கிய பிறகே பிள்ளையைச் சேர்ப்பார். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளையும் நோட்டில் கையெழுத்திட்டுவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். அன்றைக்கு ஊரே வந்து வேடிக்கை பார்க்கும். அந்த வழக்கம் இன்றைக்கும் உண்டு. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். கைநாட்டு ஒன்றுகூட இல்லை. எனக்கு உண்மையாகவே மயிர்க்கூச்செறிந்தது.

"இவ்வளவு இருந்தும் ஏன் டீச்சர் முகம் வாடியிருக்கிறது?" என்று கேட்டேன்.

"போன மாசம் கணக்கெடுக்க ஒருத்தர் வந்தாரு சார். வீட்ல இன்னா பாஷன்னு தெலுங்குல கேட்டுக்கினே வந்திருக்காரு. நம்ம ஜனங்க மரியாதையா தெலுங்குலயே பதில் சொல்லியிருக்குது. சரளமா பேசறாங்களேன்னு ஒண்ணாங்கிளாஸ் மொத்தத்துக்கும் தெலுங்குன்னு எழுதிக்கினு போயிட்டாரு. புதுசா தமிழ்ப் புள்ளைங்களே சேரலன்னா தமிழ் டீச்சர் எதுக்கு? என்னிய வேற ஊருக்கு மாத்திடுவாங்க. அப்புறம் இங்க தமிழ் இருக்காது."

அதைச் சரிபார்க்கத்தான் அதிகாரி வருகிறார். இரண்டு நாளாக டீச்சர் வீடு வீடாகப் போய், அவர் கேட்டால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார்.

காலை 11.15. அதிகாரி பைக்கில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும், தன்மையான மனிதர். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளின் பெற்றோர் பதினொரு பேர் எழுந்து நின்றார்கள். வீட்டில் என்ன பேசுவீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். முன்னால் நின்றது தேசம்மா. தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர், கம்பெனிச் சேலையோடு வந்திருந்தார். கைகட்டி, பணிவாக, பிசிறில்லாத தெலுங்கில் சொன்னார்: "மா இண்ட்லோ அரவமே சார்."

அரவம் என்றால் அங்கே தமிழ். எங்கள் வீட்டில் தமிழ்தான் என்பதைத் தெலுங்கில் சொல்லிவிட்டார். அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவரும் அப்படியே. டீச்சர் தலையில் கைவைத்துக்கொள்ளாத குறை. எனக்குச் சிரிப்பு வந்தது.

அதிகாரி சிரித்துவிட்டார். "இத்தனை நல்ல தெலுங்கு பேசுகிறீர்களே, அப்புறம் தமிழ் டீச்சர் எதற்கு?" என்று தெலுங்கில் கேட்டார். போன மாதக் கணக்கெடுப்புப் பட்டியலை மேஜைமேல் விரித்து, அவரவர் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போடச் சொன்னார். மை டப்பாவையும் திறந்து பக்கத்தில் வைத்தார்.

தேசம்மா டப்பாவை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேனாவை எடுத்தார். குண்டு குண்டான தமிழ் எழுத்தில், அவசரப்படாமல் தன் பெயரை எழுதினார். அவருக்குப் பின்னால் ஒருவர். பிறகு இன்னொருவர். பதினொரு பேரும் தமிழில் எழுதி முடிக்கும்வரை அதிகாரி பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எங்கே கற்றது?" என்றார்.

"இங்க தான் சார்" என்றார் தேசம்மா. இந்தத் தடவை தமிழில்.

"போன மாதம் வந்தவர் கையெழுத்து வாங்கவில்லையா?"

"கேட்டாரு, எழுதிக்கினாரு, போயிட்டாரு. எங்க கையில பேனாவே குடுக்கல சார்."

அதிகாரி பதினொரு இடத்திலும் தெலுங்கு என்பதை அடித்துத் தமிழ் என்று திருத்தினார். பட்டியலை அன்றே திருப்பதி மாவட்ட அலுவலகத்துக்கு அனுப்புவதாகச் சொன்னார். "டீச்சர் எங்கேயும் போகவேண்டியதில்லை" என்று கொஞ்சம் தடுமாறிய தமிழில் அவரே சொன்னபோது எஸ்தர் டீச்சர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் அதிகாரியும் கீழே கையெழுத்திட்டார். அழகான தெலுங்கில்.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அன்று அந்தப் பள்ளியில் பேனா பிடித்தவர்களில் தன் தாய்மொழியில் கையெழுத்துப் போடாத ஆள் நான் ஒருவன்தான். வங்கியில், வாடகைப் பத்திரத்தில், மகளின் மார்க் ஷீட்டில் எல்லாம் நான் போடுவது ஆங்கிலக் கிறுக்கல். தமிழ்நாட்டின் தலைநகரில் பிறந்து வளர்ந்து, தமிழில் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு நாளும் எனக்கு உறைத்ததில்லை.

பகல் 1.30. டீச்சர் கொடுத்த தயிர்ச்சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினேன். காளஹஸ்தி போய், அங்கிருந்து திருப்பதிக்குப் பஸ் மாற வேண்டும். மறுபடி வந்த முனிரத்தினம் ஆட்டோவைத் திருப்பி நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தார். பாதி வழி நடந்த நான் திரும்பி வந்து, காலையில் எழுதிய நோட்டைக் கேட்டேன்.

"இன்னா சார், எதனா தப்பா எழுதிட்டீங்களா?"

"ஆமாம் டீச்சர்."

என் கிறுக்கலுக்குக் கீழே தமிழில் பெயரை எழுதினேன். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவை; கீபோர்டுக்கே பழகிவிட்ட கை. எழுத்துகள் ஒன்று மேலே ஏறியும் ஒன்று கீழே இறங்கியும் நின்றன. எஸ்தர் டீச்சர் நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையிடம் சொல்வதைப் போலவே சொன்னார்:

"மொத தடவ அப்படித் தான் வரும் சார். போடப் போட சரியாயிடும்."