தீக்காய வார்டில் ஒரு சுதந்திர தினம்

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளைப் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ ஐந்தடிகூட இல்லை. துறைமுக நகரத்துத் தீக்காய வார்டில் பத்தொன்பது வருடம் குப்பை கொட்டியவள். கணவனுக்கு மாற்றலாகி, கடலே இல்லாத இந்த ஊருக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இங்கேயும் அதே தீக்காய வார்டுதான் கிடைத்தது.

சுதந்திர தினம் நெருங்கினாலே அவள் காலிக் கட்டில்களை எண்ண ஆரம்பித்துவிடுவாள். துறைமுகத்தில் அன்றைக்கு வாணவேடிக்கைதான் எல்லாம். கப்பலிலிருந்து விடுவார்கள், மொட்டை மாடியிலிருந்து விடுவார்கள், கையில் பிடித்துக்கொண்டே விடுகிற சூரர்களும் உண்டு. ஒரு வருடம் ஒரே தெருவிலிருந்து பதினொரு பேர் வந்தார்கள். தேசியக் கொடி என்று அவள் பார்த்ததெல்லாம் நோயாளிகளின் சட்டையில் குத்தியிருந்த காகிதக் கொடிதான். அதைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் சட்டையைக் கத்திரியால் வெட்டுவாள்.

ஆகவே, முந்தின நாளே எட்டுக் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். களிம்பும் பஞ்சும் சலைன் பாட்டில்களும் அடுக்கினாள். இரண்டு நர்ஸுகளின் லீவை ரத்து செய்தாள்.

வார்டு ஆயா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள். "எதுக்கு சிஸ்டர் இத்தனை கட்டிலு? மந்திரி யாராச்சும் வர்றாங்களா?"

"நாளைக்குச் சாயங்காலம் பாரு, இடம் பத்தாம நீயே தரையில விரிப்ப."

"இங்க யாரு சிஸ்டர் வெடி வெடிக்கிறா? கயிறுதான் இழுப்பாங்க."

"எல்லா ஊர்லயும் முதல்ல இப்படித்தான் சொல்லுவாங்க."

மறுநாள் மணி நான்காயிற்று, ஐந்தாயிற்று. ஒரு ஈ, காக்கைகூட வரவில்லை. லீவு பறிபோன நர்ஸுகள் இருவரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தரைக்கு வெளியே ஊரே அலறியதுபோல் ஒரு சத்தம். "டிராலியைத் தள்ளுங்க!" என்று கத்திக்கொண்டே பெரிய சிஸ்டர் வாசலுக்கு ஓடினாள்.

பத்துப் பேர் நடந்து வந்துகொண்டிருந்தார்கள், சிரித்துக்கொண்டு. முன்னால் வந்த ரொட்டிக் கடைக்காரர் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினார். தோல் உரசிச் சிவந்திருந்தது, அவ்வளவுதான்.

"எப்படி ஆச்சு?"

"கயிறு சிஸ்டர். ஸ்டேஷன் தெருவுக்கும் எங்க மார்க்கெட் தெருவுக்கும் போட்டி. உயிரே போனாலும் விடலையே!"

"ஜெயிச்சீங்களா?"

"எங்க? அவங்க பக்கம் இந்த டீச்சரம்மா பாறை மாதிரி நின்னுட்டாங்க." பின்னால் நின்ற டீச்சரும் வெட்கத்தோடு கையை நீட்டினாள்.

ஒரே பெஞ்சில் தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் சண்டை போட்டுக்கொண்டிருக்க, அவள் ஒவ்வொரு கையாகக் கழுவி மருந்து போட்டாள். ஒரு களிம்புக் குழாய்கூடத் தீரவில்லை. அவர்கள் போனதும் புது விரிப்பின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் நிறைந்தது.

"போங்கம்மா, ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க. நாளைக்கும் வர வேணாம்," என்றாள் நர்ஸுகளிடம்.

கணவன் போன் செய்தான். "எத்தனை பேரு?" குரலில் பழைய பயம்.

"பத்துப் பேரு. நடந்து வந்தாங்க, நடந்தே போயிட்டாங்க."

அந்தப் பக்கம் அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. அதற்குள் மகள் போனைப் பிடுங்கினாள். "அம்மா, அடுத்த போட்டி ஆறரைக்காம். போலாமா?"

இத்தனை வருடமும் இந்த நாளில் மகளை வாசல் தாண்ட விட்டதில்லை அவள்.

"செருப்பைப் போட்டுக்கிட்டு நில்லு," என்றாள். "இதோ வந்துட்டேன்."