கைராசிக்காரரும் ஒரு பித்தளைத் திருகும்

அந்தக் கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவருக்குக் கைராசி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு சரி. பதினோரு வருடத்தில் அவர் பட்டனை அமுக்கி உயிர் வராத பெட்டி ஒன்றுகூடக் கிடையாதாம். செத்த பல்லியை அவர் முன் வைத்தாலும் எழுந்து வாலை ஆட்டிவிட்டுப் போகும் என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் அளந்துகொண்டிருப்பார்.

முதலாளிக்குத் தன் கைமேல் மட்டும் நம்பிக்கை இல்லை. கடை திறந்த நாளில் அவர் அமுக்கிய முதல் கம்ப்யூட்டர் புகைந்து போயிற்று. அன்று எடுத்த கையைப் பிறகு எந்தச் சுவிட்சிலும் வைக்கவில்லை. வீட்டில் மின்விசிறியைக்கூட மனைவிதான் போட வேண்டும். அந்த அம்மாள் ஊருக்குப் போன வாரம் மனிதர் தன் வியர்வையிலேயே இரண்டு சட்டை துவைத்தார் என்று பேச்சு.

கைராசி வேலை செய்த அறை முன்பு குளியலறையாக இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரில் துருத்திய பழைய குழாயில் ஸ்க்ரூ டிரைவர்கள் தொங்கும். வெளியே மழையா வெயிலா என்பதை வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். அவர் மனைவியும் மகளும் பேருந்தில் எட்டு மணி நேரத் தொலைவிலுள்ள ஊரில்; மாதத்தில் ஒரு ஞாயிறு பார்ப்பதுதான். இப்போது அந்த ஊர்க் கல்லூரியிலேயே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருந்தது. பழைய இடத்திலிருந்து விடுவித்த கடிதத்தோடு திங்கட்கிழமை வந்து நிற்க வேண்டும். முதலாளியிடம் மூன்று முறை கேட்டாயிற்று.

“நீ போயிட்டா பட்டனை யாருய்யா அமுக்குறது?” என்பார் அவர். “உன்னைத் தம்பி மாதிரி வச்சிருக்கேன். தம்பி அண்ணனை விட்டுட்டுப் போவானா?”

முதலாளியின் சொந்தத் தம்பி கடல் தாண்டிப் போய்ப் பன்னிரண்டு வருடமாக ஒரு வரி எழுதவில்லை. அதை மட்டும் சொல்ல மாட்டார்.

அப்படியே சனிக்கிழமை வந்துவிட்டது. எதிர்க்கடை ஜெராக்ஸ் அக்காவின் புதுக் கம்ப்யூட்டரை முடித்துக் கைராசி பட்டனை அமுக்கினார். விசிறி அரைச் சுற்று சுற்றி நின்றது. மறுபடி அமுக்கினார். மறுபடியும் அரைச் சுற்றுதான்.

“என்னண்ணே, தும்மிட்டுத் தூங்கிடுச்சா?” என்றார் ஸ்டூலில் காத்திருந்த அக்கா. “சாயந்திரம் பசங்க பிராஜெக்ட் பிரிண்ட் எடுக்க வரிசை கட்டி நிப்பாங்க. பழைய மெஷினும் படுத்துடுச்சு.”

பிளக்கை வேறு பாயிண்டில் மாற்றினார். பவர் சப்ளையை மாற்றினார். மெமரியைக் கழற்றி மாட்டினார். பெட்டி தும்மிக்கொண்டேயிருந்தது.

வாசலில் முதலாளி நகம் கடித்தார். “காலையில யார் முகத்துல முழிச்ச?”

“ரூம்ல வேற யார் சார் இருக்கா? கண்ணாடியிலதான் முழிச்சேன்.”

பார்க்கப் பொறுக்காமல் முதலாளி சாப்பிடக் கிளம்பினார். அக்காவும் கடையைப் பார்த்துவிட்டு வருவதாகப் போனார். கைராசி மதர்போர்டைப் பெட்டியிலிருந்து கழற்றி, வெறும் அட்டைமேல் வைத்து, பட்டன் ஒயர் மாட்டுகிற ஊசிகள் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் தொட்டார். விசிறி சமர்த்தாக ஓடியது. அப்படியானால் கோளாறு பெட்டியில். உள்தகட்டை விரலால் தடவினார். போர்டைத் தாங்கும் பித்தளைத் திருகுகளில் ஒன்று, போர்டில் துளையே இல்லாத இடத்தில் நின்று அதன் அடிவயிற்றைக் குத்தி ஷார்ட் ஆக்கிக்கொண்டிருந்தது. எப்போதும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவார். இன்று கை திருகிலும் மனம் கடிதத்திலும் இருந்துவிட்டன.

இரண்டு நிமிட வேலைதான். ஆனால் கை எழவில்லை. பெட்டி ஓடினால் போன ராசி இரட்டிப்பாகத் திரும்பிவரும். முதலாளி இன்னொரு பூட்டுப் போடுவார். ஓடாவிட்டால் அக்காவின் பிழைப்பில் மண். அவர் குழாயைப் பார்த்தார். பதினோரு வருடத்தில் அது ஒரு சொட்டுக்கூடச் சிந்தியதில்லை.

திருகைக் கழற்றினார். எல்லாவற்றையும் மாட்டி மூடினார். பட்டனைத் தொடவில்லை.

முதலாளியும் அக்காவும் ஒன்றாகத் திரும்பி வந்தார்கள்.

“வந்துச்சா?”

“இன்னும் அமுக்கல சார். நீங்க அமுக்குங்க.”

“விளையாடாத. உன் கைக்கே வரல.”

“ராசியும் இல்ல ஒண்ணும் இல்ல. இந்தத் திருகுதான். நான்தான் கவனிக்காம விட்டேன்.” உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

“நான் தொட்டா எரிஞ்சிடும்யா.”

“எரிஞ்சா நான் போகல. இங்கயே கிடக்கறேன்” என்றார் கைராசி.

“யாராவது அமுக்குங்கப்பா. இல்லன்னா நான் முழங்கையால இடிச்சிடுவேன்” என்றார் அக்கா.

முதலாளி கண்ணை மூடி, இடது சுண்டுவிரலால் அமுக்கினார். விசிறி சுழன்றது. நின்றுவிடும் என்று மூவரும் காத்திருந்தார்கள். நிற்கவில்லை. திரையில் வெளிச்சம் வந்தது.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கடையிலிருந்த கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்தார், குழல்விளக்கையும் விடவில்லை. தெருவிளக்கின் சுவிட்ச் எங்கே என்று அக்காவிடம் விசாரித்தாராம்.

“லெட்டர் கேட்டியே. அதுக்கும் கம்ப்யூட்டர் போடணும்ல?” தானே போட்டு, ஒற்றை விரலால் மூன்று வரி தட்டினார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கையெழுத்திட்டுத் தாளை நீட்டியவர் உடனே விட்டுவிடவில்லை.

“அங்க போயி நீயாவது ஒரு லெட்டர் போடுய்யா.”

“போடுறேன்ணே” என்றார் கைராசி. சார் என்று சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை, கல்லூரியில் லிஃப்ட் பட்டனை அமுக்கினார். விளக்கு எரியவில்லை. இன்னொரு முறை அமுக்கினார். ஊஹூம். சிரித்துக்கொண்டே நான்கு மாடியும் ஏறினார். படி திரும்பிய இடமெல்லாம் ஒரு ஜன்னல் இருந்தது.