கல்யாண வரம் தரும் சன்னதியில் நான் கேட்டது

பெருமாளை நம்பும் அன்பர்களே, 1974-ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பகல் பன்னிரண்டு மணி. மதராஸில் ஒரு பெரிய ஹோட்டல் வாசலில் நின்று நான் அழுதுகொண்டிருந்தேன். பத்து மணிக்கு எனக்கு நேர்காணல். ஏறி வந்த பஸ் கேளம்பாக்கத்தில் படுத்துவிட்டது. அடுத்த பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நான் திருவிடந்தைக்குப் பக்கத்துக் குப்பத்துப் பெண். அப்பா கரையில் மீனை ஏலத்தில் எடுத்து மதராஸுக்கு அனுப்புகிறவர். பி.காம். முடித்து, மீன் ஏற்றுமதிக் கம்பெனியில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். வெளிநாடு போய் எம்.பி.ஏ. படிக்க ஆசை. அந்த வியாழக்கிழமை அதே ஹோட்டலில் வெளிநாட்டுக் கல்லூரிகள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தன. வரிசையில் நின்றவர்களில் நான் ஒருத்திதான் பெண். அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியை, தலை நரைத்த அம்மாள், என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டு சனிக்கிழமை வரச் சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா என்னைத் திருவிடந்தைக் கோயிலுக்கு இழுத்துப் போனாள். மாலை போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று வந்தால் கல்யாணம் கூடிவரும் என்பது உங்களுக்கே தெரியும். நானும் சுற்றினேன்.

"நல்லா வேண்டிக்கினியாடி?"

"வேண்டிக்கினேம்மா."

"இன்னா கேட்டே?"

"காலேஜ்ல சீட்டு."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "கல்யாணப் பெருமாளாண்ட போயி சீட்டு கேட்டுகினு வர்றியே, உனுக்கு புத்தி கீதா?"

அந்தப் பெருமாளே கைவிட்டுவிட்டார் என்றுதான் ஹோட்டல் வாசலில் நினைத்தேன். வாட்ச்மேன் அருகில் வந்து யாரைப் பார்க்க வந்தேன் என்று கேட்டார். சொன்னேன். "அழுவாதம்மா. அந்த வெள்ளைக்கார அம்மா இப்பத்தான் கார்ல மகாபலிபுரம் போச்சு. நாளிக்கு காத்தால பிளேனு."

வந்த வழியே பஸ் ஏறினேன். 'கேட்கக் கூடாததைக் கேட்டிருந்தால் மன்னித்துவிடு. எனக்குத் தகுதி இருந்தால் அந்த அம்மாளை என் கண்ணில் காட்டு' என்று வழியெல்லாம் வேண்டினேன்.

மகாபலிபுரத்தில் ரதங்கள், குகைகள், எங்கும் தேடினேன். காணோம். கால் ஓய்ந்து கடற்கரைக்கு இறங்கினேன். கரைவலை இழுத்து முடித்து மீனை ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தின் நடுவே, முழங்கால் வரை நனைந்து, அதே அம்மாள்!

"இன்னாமோ கேக்குது இந்தம்மா. யாருனா சொல்லுங்கப்பா!" என்றார் ஏலம் விட்டவர்.

நான் போய் நின்றேன். தலை கலைந்து புழுதி படிந்திருந்த என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மீனை ஏன் ஐஸ் இல்லாமல் மணலில் போட்டிருக்கிறார்கள் என்று அந்த அம்மாள் கேட்டார். இங்கிலீஷ் என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும் எனக்கு. அன்றைக்குத் தடங்கலே இல்லை. ஐஸ் எங்கிருந்து வருகிறது, வழியில் எவ்வளவு கரைகிறது, எந்த மீன் முதலில் கெடும், என் கையில் தொழில் இருந்தால் எதை மாற்றுவேன், எல்லாம் சொன்னேன். கடைசியில்தான் என் பெயரைச் சொன்னேன்.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "காலையில் வராத பெண்ணா நீ?"

பஸ் நின்றுபோன கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "உன் நேர்காணல் இப்போது நடந்து முடிந்துவிட்டது" என்றார்.

சித்திரையில் கடிதம் வந்தது. இடமும் உண்டு, உதவித்தொகையும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு குப்பம் முழுக்கக் காட்டினாள். "எம் பொண்ணு அமெரிக்கா போவுது! பெருமாளே சீட்டு குடுத்துட்டாரு!"

எங்கள் குப்பத்தில் முதன்முதலாக விமானம் ஏறியவள் நான். பெருமையோடு சொல்கிறேன், அந்தப் பெருமை பெருமாளுடையது. படித்துத் திரும்பி, இன்று செங்கல்பட்டில் ஐஸ் தொழிற்சாலை நடத்துகிறேன். இதையெல்லாமா சாமியிடம் கேட்பது என்று தயங்காதீர்கள். மனசில் இருப்பதை உள்ளபடி கேளுங்கள். அவர் கேட்டுக்கொள்வார். இந்த வருஷம் எங்கள் குப்பத்திலிருந்து இரண்டு பெண்கள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்காகவும் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.