இரண்டே இரண்டு சீற்

லா சப்பல் மீன்கடையில் மீன் வெட்டுபவர் அவர். குள்ளம், தலைக்குக் கன்னங்கரேலென்று சாயம். கைபேசியைத் தொடுமுன் கையைக் கழுவி, முகர்ந்து பார்ப்பார். அன்றும் அப்படியே முகர்ந்துவிட்டு இரண்டு படங்களைக் காட்டினார், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். பழைய பந்தயக் கார்களின் அச்சு அசல் நகல்கள், தெருவில் ஓட்டக்கூடியவை. பாகங்கள் பெட்டி பெட்டியாக வருமாம், வீட்டிலேயே பொருத்திப் பூட்டிக்கொள்ளலாமாம். நகருக்கு வெளியே பொண்டியில் அவருக்குச் சொந்தக் கராஜ். எனக்கு லா கூர்னெவில் நாலாம் மாடி வீடும், தெருவில் நிற்கும் ஒரு வானும்தான். வயிறு எரிந்தது.

"எதை எடுக்கலாம் அண்ணை? சிவப்புக்குப் பின்னாலையும் சீற் இருக்கு. நீலத்துக்கு ரெண்டே ரெண்டுதான்."

"சிவப்பை எடும். நீலத்திலை சனத்தை எங்கை ஏத்துவீர்?"

"போன கிழமை உங்கடை வானுக்குள்ளை ஆரை ஏத்தினியள்?"

யோசித்தேன். சனிக்கிழமை ஒரு கலியாண வீட்டுக்காரர். ஞாயிறு, விமான நிலையத்திலிருந்து யாரோ ஒருவருடைய மாமியார். ஒருத்தரும் பெற்றோல் காசுகூடத் தரவில்லை.

"அப்ப நீலம்தான்," என்றார்.

என் கைபேசி அடித்தது, தெரிந்த அக்கா ஒருத்தி. "தம்பி, வான் சும்மாதானே நிக்குது?"

"ஓம் அக்கா, வாறன்."

அவர் சிரிக்காமல் அடுத்த மீனை எடுத்தார். அந்தக் கராஜ்கூட எனக்கு வேண்டாம். 'இடமில்லை அக்கா' என்று அவர் இனிப் பொய்யில்லாமல் சொல்லப்போகிறாரே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.